ஊமைக்காயமும் ஒரு டாக்டர் கையெழுத்தும்

சாத்தான்குளம் பத்தி போலீஸ், கோர்ட், ஜெயில்னு எல்லாரும் பேசியாச்சு. நடுவுல ஒரு டாக்டர் கையெழுத்து இருக்கு. அதைப் பத்தி எங்க ஆளுங்க அவ்வளவா பேச மாட்டோம். இந்த திரெட் அதுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2020 ஜூன் 19 சாயங்காலம், ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாங்க. பின்னாலேயே மகன் பென்னிக்ஸ் போனார். மறுநாள் அரசு மருத்துவமனையில் உடற்தகுதிச் சான்று, அப்புறம் ரிமாண்ட், நூறு கிலோமீட்டர் கிட்ட தள்ளி கோவில்பட்டி கிளைச்சிறை. 22 ராத்திரி மகன் இறந்தார். 23 விடியக்காலை அப்பா. பிரேதப் பரிசோதனை நம்ம ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நடந்தது. கொலை வழக்காக மாற்ற முகாந்திரம் இருக்குன்னு ஹைகோர்ட் மதுரைக் கிளை சொன்னதுக்கு அந்த ரிப்போர்ட்டும் முக்கியக் காரணம்.

அதாவது, இறந்த உடம்பைப் பார்த்த டாக்டர்கள் எழுதினது, உயிரோட நின்ன உடம்பைப் பார்த்தப்போ எழுதப்படலை.

எஃப்.ஐ.ஆரில் ரெண்டு பேரும் தரையில உருண்டு புரண்டதால ஊமைக்காயம் பட்டுச்சுன்னு இருந்தது. ஒரு டாக்டரா இந்த வரிதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

தரையில உருண்டா சிராய்ப்பு வரும். முழங்கை, முட்டின்னு எலும்பு துருத்துற இடத்துல. லத்தி அடி வேற மாதிரி. ரெண்டு இணைகோடு, நடுவுல வெளிறின பட்டை, தண்டவாளம் மாதிரி. எம்.பி.பி.எஸ். தடயவியல் வகுப்புல சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நம்ம தோல் நிறத்துக்கு முதல் நாள் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். துணியை விலக்கி கை வச்சு அமுக்கிப் பார்த்தா வலியும் வீக்கமும் சொல்லிடும். பின்பக்கம், தொடை மாதிரி பெரிய தசைகள்ல தொடர்ந்து அடி விழுந்தா தசை நசுங்கி, அதிலிருந்து வர்ற புரதம் கிட்னியைக் கெடுக்கும். யூரின் கட்டன்சாயா கலர்ல போகும். நடந்து வந்த ஆள் ரெண்டே நாள்ல கிட்னி ஃபெயிலியர்ல போயிடலாம்.

அதனால "நடக்கிறார், பேசுறார், பிபி நார்மல்"னா அது ஃபிட்னஸ் கிடையாது.

சட்டம் இதைத் தெளிவாவே சொல்லுது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 54, இப்போ பி.என்.எஸ்.எஸ். 53. கைதானவர் உடம்பில் உள்ள காயங்களையும், அவை ஏறத்தாழ எப்போ ஏற்பட்டவைன்னும் டாக்டர் எழுதணும். நகல் கைதானவருக்கோ அவர் சொல்ற ஆளுக்கோ தரணும். காவலில் இருக்கிறவரை 48 மணி நேரத்துக்கு ஒருதடவை பரிசோதிக்கணும்னு டி.கே.பாசு தீர்ப்பு சொல்லி 1996-லேருந்து ஆகுது. ஆனா நடைமுறையில பல இடத்துல ஒரே வரிதான்: ஃபிட் ஃபார் ரிமாண்ட்.

ஏன்? ராத்திரி டூட்டியில ஒரே டாக்டர். வெளியே பிரசவ வலி, பாம்புக்கடி. பக்கத்துல எஸ்.ஐ. நிப்பார், ஏட்டையா பேப்பரை நீட்டுவார். "சார், ஒரு கையெழுத்து, கோர்ட்டுக்கு லேட்டாவுது." நாளைக்கு நோயாளியோட சொந்தக்காரங்க கேஷுவாலிட்டியை உடைச்சா அதே ஸ்டேஷனுக்குத்தான் நாம போன் போடணும். இது சாக்குன்னு நான் சொல்ல மாட்டேன், நிஜமான பயம். ஆனா அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கிறது டாக்டர் இல்லை.

என் கருத்து இது. அந்த ஒரு வரிச் சான்றை ஒழிக்கணும். பதிலுக்கு உடம்புப் படம் போட்ட படிவம், போட்டோ, யூரின் டெஸ்ட். பரிசோதனை நடக்கும்போது போலீஸ் கதவுக்கு வெளியே. ரிப்போர்ட் போலீஸ் கையில போகாம நேரா மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும். மாஜிஸ்திரேட்டும் ஆளைக் கிட்ட கூப்பிட்டு "அடிச்சாங்களா"ன்னு போலீஸ் இல்லாதப்போ கேட்கணும். காயத்தை மறைச்சு எழுதின டாக்டர் மேல மெடிக்கல் கவுன்சில் விசாரணை கண்டிப்பா வரணும். சக டாக்டர்கள் திட்டுவாங்க, பரவாயில்லை.

இதுமட்டும் போதுமான்னா, போதாது. 2025 ஜூன்ல மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். விசாரணைன்னு கூட்டிட்டுப் போனாங்க. 44 காயம்னு ஹைகோர்ட்டே சொன்னது. கைதே பதியலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு வர்ற பேச்சே இல்லை. அங்கதான் கேமரா வேணும். ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாசம், குறைஞ்சது ஒரு வருஷமாவது வச்சிருக்கணும்னு 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு. சாத்தான்குளத்துல ஹார்டு டிஸ்க்ல இடம் இருந்தும் பதிவு தினமும் தானா அழியிற மாதிரி செட் பண்ணியிருந்ததா விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ரிப்போர்ட் கொடுத்தார். அழிக்காம நின்னது ஒரு பெண் தலைமைக் காவலரோட சாட்சியம் மட்டும். டேபிள்லயும் லத்தியிலயும் ரத்தக்கறை இருந்ததுன்னு அவங்க சொன்னாங்க. அதே ஸ்டேஷன்ல வேலை பார்த்துக்கிட்டே.

உங்க வீட்டு ஆளை யாராவது கைது பண்ணிக் கூட்டிட்டுப் போனா, வக்கீலைத் தேடுற அதே நேரத்துல ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. மெடிக்கல் ரிப்போர்ட் நகல் கேளுங்க. தரலைன்னா, கேட்டோம் தரலைன்னு ரிமாண்ட் நடக்கிற இடத்துல மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லுங்க. எழுதிக் கொடுத்தா இன்னும் நல்லது.