சாக்கடையும் சூரியனும்



சென்ற மாதம் மனைத் தரகர் ஒருவருடன் கொல்கத்தாவின் கிழக்கெல்லைக்குச் சென்றிருந்தேன். இரயில்வே குமாஸ்தா ஒருவனுக்குச் சொந்த வீடு என்பது எளிதில் கைகூடும் காரியமன்று. விலையோ மலிவு, என் இல்லாளும் இசைந்துவிட்டாள். ஆயினும் முன்பணம் கொடாமலே திரும்பினேன். அதன் காரணத்தைச் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பது என் கடமையெனக் கருதுகிறேன்.

மனைக்கு அடுத்தாற்போல் ஒரு பெரிய மீன்குளம் இருந்தது. “கவலை வேண்டாம், இதையும் விரைவில் தூர்த்துவிடுவார்கள்” என்று தரகர் நற்செய்தி கூறுவதுபோல் கூறினார். வங்காளிகள் ‘பேரி’ என வழங்கும் அக்குளங்கள் செய்யும் பணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஹூக்ளி நதி நகரின் மேற்கே ஓடினாலும், நிலம் கிழக்கு நோக்கியே தாழ்கிறது. ஆகவே நம் வீட்டுச் சாக்கடை நீரின் பெரும்பகுதி கால்வாய்களின் வழியே கிழக்கே செல்கிறது. மீன் வளர்ப்போர் அதனை அளவறிந்து குளத்தில் விடுகின்றனர். குளம் ஆழமற்றதாதலால் வெயில் நீரினுள் நன்கு ஊடுருவுகிறது. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து உரமாக்குகின்றன. அவ்வுரத்தையும் கரியமில வாயுவையும் கொண்டு, சூரிய ஒளியில் பாசி தழைத்துப் பிராணவாயுவை வெளிவிடுகிறது. அந்தப் பிராணவாயுவே நுண்ணுயிர்களுக்கும் மீன்களுக்கும் உயிர்நிலை. மீன்கள் பாசியை உண்டு அதனை அளவில் வைக்கின்றன. உண்ணாவிடில், பெருகிய பாசி மடிந்து அழுகி நீரைக் கெடுத்துவிடும். வெயில் நோய்க்கிருமிகளையும் அழிக்கிறது. கரையோரத்து ஆகாயத் தாமரையோ அலையைத் தடுத்துக் கரையைக் காக்கிறது. நீரிலுள்ள உலோக நஞ்சையும் உறிஞ்சுகிறது.

வெயில் ஒருபுறம், உயிர்கள் மறுபுறம். ஒன்றின்றி மற்றொன்றால் பயனில்லை. குளிர்காலத்தில் வெயில் மங்கினால் குளத்தின் பணியும் மந்தமாகிறது. ஆழம் மிகுந்தாலோ, கழிவு அளவை மீறினாலோ ஒழுங்கு குலைந்துவிடும்.

1980-களில் இவ்வுண்மையை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் பொறியாளர் துருவஜோதி கோஷ். அவர் 2018-இல் காலமானார். 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இச்சதுப்புநிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் இதனைக் காக்க மேற்கு வங்க அரசு தனிச்சட்டம் இயற்றியது. எனினும் இன்று நாம் காணும் பிதான்நகர், 1960-களில் இத்தகைய நீர்ப்பரப்பைத் தூர்த்து எழுப்பப்பட்டதே. நகரம் வளர வளரக் குளத்தின் மீதே கண் விழுகிறது.

‘நாங்கள் சைவ உணவினர், மீன்குளத்தால் எங்களுக்கென்ன?’ என்று சிலர் கேட்கலாம். பக்கத்துத் தாபா நிலங்களில் விளையும் காய்கறிகள் நகரச் சந்தைகளுக்கே வருகின்றன. மழைக்காலத்து வெள்ளம் சென்று தங்குவதற்கும் இந்நிலமே இடம். அனைத்தினும் மேலாக, நம் வீட்டுக் கழிவு அங்கே தூய்மையாவதற்கு நாம் ஒரு காசும் கொடுப்பதில்லை.

ஆகவே, அன்பர்களே, கிழக்கே மனை வாங்க எண்ணுவோர் முதலில் ‘பர்ச்சா’ எனப்படும் நில ஆவணத்தைப் பாருங்கள். நீர்நிலை எனப் பதிவாகியுள்ளதா, பாதுகாப்பு எல்லைக்குள் அடங்குகிறதா என்று விசாரியுங்கள்.

வீடு கைநழுவிய வருத்தம் எங்கள் இல்லத்தில் இன்னும் தீரவில்லை, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஊரார் அழுக்கைக் கழுவும் குளத்தை மூடி, அதன்மேல் அடுப்பேற்ற மனம் ஒப்பவில்லை.