கேட்டுச்சா... கேட்கலியா?

பேஜர்னா உங்க செட்டுக்கு ஞாபகம் வர்றது 2024 செப்டம்பர் 17, லெபனான்தான். அங்கே வெடிச்சது உள்ளே ஒளிச்சு வச்ச வெடிமருந்து. பேஜருக்குத் தானா வெடிக்கத் தெரியாது பாஸ்! அதுக்குத் தெரிஞ்சது சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை மட்டும்தான். அதுலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. இந்த வாரம் அந்த ஓட்டை பத்தித்தான்.

1995-ல் இந்தியாவுக்கு பேஜர் வந்தப்போ அதை பெல்ட்டுல மாட்டிக்கிட்டுத் திரியறது செம கெத்து. ஆபரேட்டருக்கு போன் போட்டு 'உடனே வீட்டுக்கு வா'ன்னு சொன்னா, டைப் பண்ணுவாங்க. பேஜிங் டெர்மினல்ங்கிற கம்ப்யூட்டர் அதை டவர் வழியா காத்துல அனுப்பும். ஆள் வேற ஊர்ல இருந்தா? இந்த டெர்மினல் அந்த ஊர் டெர்மினலுக்குத் தள்ளிவிடணும். அதுக்காக அமெரிக்க பேஜிங் துறை உருவாக்கின பாஷை டி.என்.பி.பி.

சிவகாசிக்காரங்களுக்கு இது ஈஸி. லாரி ஆபீஸ்ல காலண்டர் பண்டல் போட்டா, அனுப்பறது யாரு, எங்கே போகணும், என்ன நம்பர்னு எல்.ஆர்.ல இருக்குமில்லே? டி.என்.பி.பி. பாக்கெட் தலையிலயும் அதே மூணு இருக்கும். கூடவே 'இனர்ஷியா'ன்னு ஒரு எண். ஒவ்வொரு டெர்மினலைத் தாண்டும்போதும் அதுல ஒண்ணு குறையும். பூஜ்யமாயிட்டா பாக்கெட் குப்பைக்கு. இல்லேன்னா சாத்தூர் கிடங்கு விருதுநகருக்கு அனுப்ப, விருதுநகர் திரும்ப சாத்தூருக்கே அனுப்பன்னு பண்டல் ஜென்மத்துக்கும் சுத்தும்!

ரெண்டு பக்கமும் பேசற லைன்ல, வாங்கின டெர்மினல் பதில் சொல்லியே ஆகணும். 'ஏ.சி.கே.'ன்னா நல்லபடியா வந்துச்சு. 'என்.ஏ.கே.'ன்னா வழியில நசுங்கிடுச்சு, மறுபடி அனுப்பு. சாட்டிலைட் மாதிரி ஒருவழி லிங்க்கா இருந்தா, அதையே ரெண்டு மூணு தடவை அனுப்பிட்டு சாமி மேல பாரத்தைப் போட வேண்டியதுதான்.

மெஷினுக்கு மெஷின் கையெழுத்து பக்கா. ஆனா டவர்லேர்ந்து உங்க இடுப்புக்கு வர்ற கடைசித் தாவல் இருக்கே, ஓட்டை அங்கேதான். பழைய பேஜருக்குக் காது உண்டு, வாய் கிடையாது. பேட்டரி தீர்ந்து கிடந்தாலும் ஆபரேட்டர் 'அனுப்பியாச்சு சார்'னுதான் சொல்வார். அனுப்பினது நிஜம். சேர்ந்துச்சா?

தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பசங்களுக்கு இது பரீட்சைக் கேள்வி இல்லே. பட்டாசு வேலை நடக்கிற ரூமுக்குள்ளே செல்போன் கூடாது. எங்கேயோ 'டமார்'னு சத்தம், தூரத்துல புகை. காலேஜ்லேர்ந்து அம்மாவுக்கு அடிக்கிறீங்க. ரிங் போகுது, போகுது, எடுக்கலை. போன் பையில கிடக்கா, இல்லே...? 30-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போன 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தன்னிக்கு எத்தனை போன் இப்படி அடிச்சிருக்குமோ.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1995-லயே அமெரிக்காவுல ஸ்கைடெல் கம்பெனி, மோட்டோரோலாவோட 'ரீஃப்ளெக்ஸ்' டெக்னாலஜியில இருவழி பேஜர் விட்டுச்சு. பேஜருக்குள்ளேயே குட்டி டிரான்ஸ்மிட்டர். சேதி வந்ததும் 'வந்துச்சு'ன்னு அதுவே சொல்லும். பதில் வரலியா, நெட்வொர்க் சேதியைத் தூக்கிப் போடாது. பத்திரமா வச்சிருந்து, 'நான் இங்கே இருக்கேன்'னு பேஜர் குரல் கொடுத்ததும் அனுப்பும். பக்கத்து டவர் எதுன்னு தெரியறதால ஊர் பூரா கத்தவும் வேணாம்.

நம்ம நாட்டுல பேஜர் கதையை செல்போன் முடிச்சு வச்சிடுச்சு. 2003 மே மாசம் இன்கமிங் ஃப்ரீ ஆனப்புறம் யாருக்கு வேணும் பேஜர்? ஆனா அந்தக் கையெழுத்து உங்க வாட்ஸ்அப்ல இருக்கு. ஒரு டிக்னா சர்வர் வாங்கிடுச்சு. ரெண்டு டிக்னா போன் வாங்கிடுச்சு. கவனிங்க, போன்தான், அம்மா இல்லே.

அதனால ஃபேக்டரி ஆபீஸ் நம்பரையும் போர்மேன் நம்பரையும் இன்னிக்கே வாங்கி வச்சுக்குங்க. அம்மாகிட்டயும் சொல்லி வைங்க: சாயங்காலம் கேட்டைத் தாண்டினதும் ஒரே ஒரு மிஸ்டு கால். காசும் ஆகாது.