பட்டியலில் இல்லையென்றால் பழுதா?

வீட்டு வலையமைப்பிலுள்ள சேமிப்புப் பெட்டியில் விளக்கு எரிகிறது. கணிப்பொறியின் பட்டியலிலோ அதன் பெயர் இல்லை. உடனே "பெட்டி பழுது" என்று தீர்ப்புக் கூறலாமா? கூடாது என்பதே என் கருத்து.

மாணவர்களே, பெயர் வேறு, முகவரி வேறு. ரௌட்டரின் பக்கத்தில் பெட்டியின் எண்முகவரியைக் கண்டறிந்து, அதற்குப் 'பிங்' கட்டளை அனுப்புங்கள். பதில் வந்தால் இணைப்பு நலம். குறை, இரண்டும் பேசும் மொழியில் இருக்கலாம்.

அம்மொழி எஸ்.எம்.பி. எனும் நெறிமுறை. அதன் முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட முறையில் ஓர் ஓட்டை இருந்தது. 2017 மே மாதம் 'வான்னக்ரை' எனும் தீநிரல் அதன் வழியே பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளையும் முடக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் முதல், மைக்ரோசாப்ட் அப்பதிப்பை விலக்கத் தொடங்கியது. அதை மட்டுமே அறிந்த பழைய பெட்டிகள் கணிப்பொறிக்குத் தெரியாமற் போயின.

"பழைய பதிப்பை மீண்டும் இயக்கு, பெட்டி தெரியும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது, திருடன் நுழைந்த கதவை நம் வசதிக்காகத் திறந்து வைப்பதாகும். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பை இயக்குவதே முறை. அதற்கு வழியில்லையேல், அப்பெட்டியை மட்டும் நம்பிக் குடும்பப் படங்களை ஒப்படைக்காதீர்கள்.