ரூமுக்கு ஆமை வேணாம் பாஸ்!

கைக்குள் அடங்கும் நட்சத்திர ஆமைக் குட்டி. ஹாஸ்டல் ரூமில் ஒரு அட்டைப்பெட்டி, கொஞ்சம் மண், மேலே குண்டு பல்பு... வீடு ரெடி! நினைச்சாலே செம க்யூட்டா இருக்குல்ல? வெயிட் மக்களே!

மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. அதனால்தான் சிவகாசியில் பட்டாசுத் தொழில் செழித்தது. இந்த மாதிரி வறண்ட முள்காடுதான் நட்சத்திர ஆமைக்கும் சொந்த வீடு. வெயிலின் புற ஊதாக் கதிர் உடம்பில் பட்டால்தான் அதுக்கு வைட்டமின் டி3 உருவாகும், ஓட்டில் கால்சியம் சேரும். குண்டு பல்பு சூடு மட்டும்தான் தரும். ஜன்னல் கண்ணாடியோ அந்தக் கதிரைத் தடுத்துடும். கடைசியில் ஓடு மெலிந்து, வளைந்து... பாவம்! 'ஆமைதானே' என்று தண்ணித்தொட்டியில் விட்டால் இன்னும் மோசம். அது தரை ஆமை பாஸ், மூழ்கிடும்.

சரி, புற ஊதா விளக்கே வாங்கி மாட்டிடலாமா? மாட்டுறது விளக்கு இல்ல, நீங்கதான்! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி இது முதல் பட்டியல் உயிரினம். பிடித்து வைத்திருந்தால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. நம்ம பி.இ.யே 4 வருஷம்தான்!

காட்டில் பார்த்தால் ரசிச்சுட்டு நகருங்க. ஃப்ரெண்ட் வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்க. நீங்களே புதரில் விட்டுடாதீங்க. வீட்டில் வளர்ந்த ஆமையின் நோய் காட்டு ஆமைகளுக்கும் தொற்றலாம்.