ஒரு லேப்டாப்... இரண்டு வாசல்!

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-ல். மல்லாங்கிணறு போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும், ‘எது வேண்டும்?’ என ஒரு பட்டியல் வரும். அதைக் காட்டுவது ‘கிரப்’ என்கிற சின்ன புரோகிராம்.

விண்டோஸ் மக்கர் செய்கிறதென்று அதை மறுபடி இன்ஸ்டால் செய்தால், ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தில் கிரப் இருந்த இடத்தில் விண்டோஸ் உட்கார்ந்துவிடும். பட்டியல் மாயம்! லினக்ஸில் பிள்ளை வைத்திருந்த பிராஜெக்ட், போட்டோ எல்லாம் போச்சே என்று வீடே பதறும்.

போகவில்லை. லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனை அழிக்காதவரை எல்லாம் பத்திரம். மறைந்தது வாசல் மட்டுமே.

* அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள்.

* லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, முதலில் ஃபைல்களை காப்பி எடுங்கள்.

* பிறகு, கிரப்பை மட்டும் மீண்டும் நிறுவுங்கள். புது லேப்டாப் என்றால், பயாஸில் பூட் வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றினாலே பல நேரம் சரியாகிவிடும்.

* புதிதாக இரண்டையும் போடுபவர்கள் முதலில் விண்டோஸ், அடுத்து லினக்ஸ் என்று போடுங்கள். கிரப்பே இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடும்.