கப்பலில் ராஜபோகம்! விலை என்ன? பலன் என்ன?

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே இரவு நேரத்தில் ஓடுகிறது, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். அதில் முதல் வகுப்பு ஏ.சி. பெட்டி உண்டு. இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு ஏ.சி. பெட்டிகள் உண்டு. சாதாரணப் படுக்கைப் பெட்டியும் உண்டு. முன்பதிவு செய்யாமல் ஏறும் பெட்டியும் உண்டு.

பொழுது விடியும் முன்பு ரெயில் திருச்சி வந்து சேருகிறது. எல்லோரும் ஒரே பிளாட்பாரத்தில்தான் இறங்குகிறார்கள்! அதிகப் பணம் கொடுத்தவர் முன்னதாக வந்துவிடவில்லை. அவர் விலை கொடுத்து வாங்கியது வேகத்தை அல்ல, வசதியை.

உல்லாசக் கப்பலும் அப்படித்தான். ஆனால், ரெயிலில் வகுப்புக்கு வகுப்பு விலை சில மடங்குதான் ஏறும். கப்பலிலோ, ஒரே கப்பலில், ஒரே பயணத்துக்கு, ஒருவர் கொடுப்பதைப்போல இருபது மடங்கு, முப்பது மடங்கு கொடுப்பவரும் இருக்கிறார்!

அந்தப் பணத்துக்கு அவருக்குக் கிடைப்பது என்ன? குடும்பத்தோடு கப்பல் ஏற ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆசையைக் குறை கூற அல்ல. ஆசைக்குக் கணக்குப் போட!

அன்று ஒரு பாய்!

திருச்சியில் கடல் இல்லை. காவிரிதான் உண்டு. ஆனாலும் திருச்சிச் சீமைக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு பழைய உறவு.

தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்துக்குப் போய்த்தான் கப்பல் ஏறுவார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பைத் தேடிப் போனார்கள். அவர்களைச் சுமந்து சென்ற கப்பல்களில் பெயர் பெற்றது, "ரஜூலா". 1926ல் கட்டப்பட்டது. எடை சுமார் 8,500 டன். மேல் வகுப்பு அறைகளில் சிலர் போனார்கள். மற்றவர்கள் எல்லோரும் தளப் பயணிகள். ஒரு காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அந்தக் கப்பலுக்கு அனுமதி இருந்தது!

தளப் பயணி என்றால் என்ன? அவருக்கு அறை கிடையாது. கப்பல் தளத்தில் பாயை விரித்த இடமே வீடு. தலைமாட்டில் தகரப் பெட்டி. அவ்வளவுதான்.

"ரஜூலா"வுக்குப் பின் "சிதம்பரம்" கப்பல் ஓடியது. 1985ல் அதில் தீ விபத்து நடந்தது. அதன்பிறகு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்று போயிற்று. விமானம் வந்து கப்பலின் வேலையை எடுத்துக்கொண்டது.

இப்போது திருச்சி விமான நிலையத்திலிருந்து நேராகச் சிங்கப்பூருக்குப் பறக்கலாம். 2024ல் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டுவிட்டது. அப்படிப் போகிறவர்களில் சிலர், சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறார்கள். பிழைப்புக்காக அல்ல, உல்லாசத்துக்காக! 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே "கார்டிலியா" கம்பெனியின் "எம்பிரஸ்" கப்பல் புறப்பட்டது. 2023ல் அது சென்னையிலிருந்து இலங்கைக்கும் போய் வந்தது.

தாத்தா பாயோடு போனார். பேரன் பட்லரோடு போகலாமா என்று யோசிக்கிறான்!

"சூட்" என்றால் என்ன?

உல்லாசக் கப்பலில் பொதுவாக நான்கு வகை அறைகள் உண்டு.

முதலாவது, உள் அறை. இதற்கு ஜன்னல் கிடையாது. பகலா, இரவா என்று தெரியாது. விலை இதற்குத்தான் குறைவு.

இரண்டாவது, ஜன்னல் அறை. கடலைப் பார்க்கலாம்; காற்று வராது.

மூன்றாவது, பால்கனி அறை. நாற்காலி போட்டு வெளியே உட்காரலாம்.

நான்காவதுதான் "சூட்". படுக்கை அறை, வரவேற்பு அறை, பெரிய குளியல் அறை, பால்கனி எல்லாம் சேர்ந்த தொகுதி. இதற்கு விலை அதிகம். இதிலும் சின்னது, பெரியது என்று பல படிகள் உண்டு.

எவ்வளவு வித்தியாசம்? உள் அறை ஏறக்குறைய 150 சதுர அடி இருக்கும். ஒரு சென்ட் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு! "ரீஜெண்ட்" கம்பெனி 2020ல் கடலில் விட்ட "செவன் சீஸ் ஸ்ப்ளெண்டர்" கப்பலில் உள்ள மிகப் பெரிய சூட் 4,443 சதுர அடி. அதாவது, பத்து சென்டுக்கும் அதிகம்! அதற்குள்ளேயே உடம்பு பிடித்துவிடும் தனி அறையும் உண்டு. வாடகை ஓர் இரவுக்குச் சுமார் 11,000 டாலர் என்று அறிவித்தார்கள். அன்றைய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்!

2024 ஜனவரியில் "ராயல் கரீபியன்" கம்பெனியின் "ஐகான் ஆப் தி சீஸ்" கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்குள் மூன்று மாடி வீடே இருக்கிறது. மாடியிலிருந்து குழந்தைகள் சறுக்கு மரத்தில் சறுக்கிக் கீழே வரலாம். எட்டுப் பேர் தங்கலாம். ஒரு வாரத்துக்கு வாடகை 75,000 டாலருக்கும் மேல் என்று 2023ல் செய்தி வந்தது. ரூபாயில் 60 லட்சத்தைத் தாண்டும்!

கம்பெனிக்குக் கம்பெனி

பெரிய அறை மட்டுமா? இல்லை. சூட் எடுத்தவருக்குத் தனி மரியாதை உண்டு. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சிங்கப்பூரிலிருந்து ஓடிய "கெண்டிங் டிரீம்" கப்பலின் நீளம் 335 மீட்டர். மலைக்கோட்டையின் உயரத்தைப்போல நான்கு மடங்கு! அதில் சூட் பயணிகளுக்கு என்று "பேலஸ்" என்னும் தனிப் பகுதி அமைத்தார்கள். பேலஸ் என்றால் அரண்மனை. அங்கே பட்லர் உண்டு. தனி உணவகமும் தனி நீச்சல் குளமும் உண்டு.

"நார்வீஜியன்" கம்பெனியில் இந்தப் பகுதிக்கு "ஹேவன்" என்று பெயர். "எம்.எஸ்.சி." கம்பெனியில் "யாட் கிளப்" என்று பெயர். இரண்டிலும் அதற்கு உரிய அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும். கப்பலுக்குள் ஒரு கப்பல்!

"ராயல் கரீபியன்" கம்பெனியின் பெரிய கப்பல்களில் சூட் பயணிகளுக்குள்ளேயே மூன்று வகுப்புகள். கீழ்ப்படிக்குச் சலுகை குறைவு. மேல்படிக்கு மட்டும் "ஜீனி" என்ற பெயரில் தனி ஆள் உண்டு. சீட்டு வாங்குவது, இடம் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. ஆகவே, சூட் எடுத்துவிட்டால் பட்லர் வருவார் என்று நினைப்பது தவறு. எந்தச் சூட் என்று கேட்க வேண்டும்.

2004ல் பயணம் தொடங்கிய "குயின் மேரி 2" கப்பலில் இன்னும் பழைய வழக்கம். எடுக்கும் அறையைப் பொறுத்தே சாப்பிடும் இடம்! சூட் பயணிகளுக்குத் தனி உணவுக்கூடம், மற்றவர்களுக்கு வேறு.

விலைப் பட்டியலில் உள்ள கண்ணி

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு விலை இருக்கும். அது பெரும்பாலும் ஓர் ஆளுக்கு உரிய விலை. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால்தான்! தனியாகப் போகிறவர், வராத ஆளுக்கும் சேர்த்துக் கொடுக்க நேரிடும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆள் தங்கினால் அவர்களுக்கு விலை குறைவது உண்டு.

வரி தனி. துறைமுகக் கட்டணம் தனி. பொதுவான உணவுக்கூடத்தில் சாப்பாடு இலவசம். சிறப்பு உணவகத்தில் பணம். இன்டர்நெட்டுக்குப் பணம். கரையில் இறங்கி ஊர் சுற்றப் பணம்.

பணியாளர்களுக்கு இனாம் என்று ஒன்று உண்டு. நம் ஊரில் இனாம் கொடுப்பவர் விருப்பம். பல கப்பல்களில் அது பில்லில் ஏறிவிடும்! 2023 நவம்பரில் "ராயல் கரீபியன்" கம்பெனி இதை உயர்த்தியது. சாதாரண அறைக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர். சூட்டுக்கு 20 டாலர் 50 சென்ட். நான்கு பேர் உள்ள குடும்பம் நான்கு நாள் போனால், சாதாரண அறைக்கே 288 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 24 ஆயிரம் ரூபாய்!

கணக்குப் போடுவது எப்படி?

ஓர் உதாரணம். இவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள்.

உறையூரில் ஒரு கணவனும் மனைவியும். மூன்று இரவுப் பயணம். பால்கனி அறை ஆளுக்கு 30 ஆயிரம். இருவருக்கும் 60 ஆயிரம். வரி 10 ஆயிரம். இனாம், இன்டர்நெட், சிறப்புச் சாப்பாடு 15 ஆயிரம். மொத்தம் 85 ஆயிரம்.

சூட் ஆளுக்கு 90 ஆயிரம். இருவருக்கும் 1 லட்சத்து 80 ஆயிரம். வரி 10 ஆயிரம். மற்றவை இதில் அடக்கம் என்கிறார்கள். மொத்தம் 1 லட்சத்து 90 ஆயிரம்.

வித்தியாசம், 1 லட்சத்து 5 ஆயிரம். மூன்று இரவுக்கு வகுத்தால், ஓர் இரவுக்கு 35 ஆயிரம்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "பெரிய அறைக்கும் பட்லருக்கும் ஓர் இரவுக்கு 35 ஆயிரம் ரூபாய் கொடுக்கலாமா?" வெறும் விலையைப் பார்த்தால் மனம் மயங்கும். வித்தியாசத்தை இரவுக் கணக்கில் பார்த்தால் மயக்கம் தெளியும்!

உச்சி அறை ஆடும்

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தென்னை மரத்தில் அடிமரம் ஆடாது, உச்சிதான் ஆடும். கப்பலிலும் அலை அடிக்கும்போது உயரமான தளமும், முன் பக்கமும் பின் பக்கமும் அதிகம் ஆடும். நடுப் பகுதியில், கீழ்த் தளத்தில், ஆட்டம் குறைவு.

சூட்டுகள் பெரும்பாலும் மேல் தளங்களில்தான் இருக்கின்றன. பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றுகிறவருக்கு, லட்ச ரூபாய் சூட்டைவிட, நடுவில் உள்ள மலிவான அறையே மேல்!

உயிருக்கு வகுப்பு இல்லை

ஒரு காலத்தில் கப்பலில் பணம் வசதியை மட்டும் அல்ல, உயிரையும் பிரித்தது.

1912ல் "டைட்டானிக்" மூழ்கியது. அதில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். உயிர்காக்கும் படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடம்! முதல் வகுப்பில் போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நான்கில் ஒருவர்தான் பிழைத்தார்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு உலகம் விழித்துக்கொண்டது. 1914ல் லண்டனில் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காக்கும் சாதனத்தில் இடம் வேண்டும் என்ற விதி பிறந்தது.

இன்று உள் அறைக்காரருக்கும் மூன்று மாடி வீட்டுக்காரருக்கும் அந்த இடம் உண்டு. அதற்குத் தனி விலை இல்லை. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லித் தருவார்கள். அந்த ஒத்திகையை வேடிக்கையாக நினைத்து யாரும் தட்டிக் கழிக்கக் கூடாது. கப்பலில் விலை இல்லாமல் கிடைப்பவற்றில் விலை மதிக்க முடியாதது அதுதான்!

யாருக்குத் தேவை?

சூட் எடுப்பது பாவம் அல்ல. வயதான தாயை அழைத்துச் செல்கிறார் மகன். அந்த அம்மாளால் வரிசையில் நிற்க முடியாது. கூட்டத்தில் சாப்பிட முடியாது. கையில் பணமும் இருக்கிறது. அவருக்கு அது செலவு அல்ல; கடமை. இளைஞர்களோ பகல் முழுவதும் தளத்தில் உலவுவார்கள். தூங்க மட்டுமே அறைக்கு வருவார்கள். அவர்களுக்கு பத்து சென்ட் அறை எதற்கு?

அக்கம்பக்கத்தார் மெச்ச வேண்டும் என்று கடன் வாங்கிச் சூட் எடுப்பதுதான் தவறு. கப்பல் மூன்று நாளில் கரைக்குத் திரும்பிவிடும். கடன் திரும்பாது!

தமிழில் பட்டியல் வேண்டும்

கம்பெனிகளும் ஏஜெண்டுகளும் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. அறை விலை, வரி, துறைமுகக் கட்டணம், இனாம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும். எது அடக்கம், எது தனி என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கிலீஷில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டு, "படித்துப் பார்க்கவில்லையா?" என்று கேட்பது நியாயம் அல்ல.

மக்களும் கேட்டு வாங்கப் பழக வேண்டும். கத்தரிக்காய் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், லட்ச ரூபாய்க் கப்பலுக்கு ஒரே கடையோடு நின்றுவிடலாமா?

மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க 417 படிகள் ஏறுகிறார்கள். கார் வைத்திருப்பவரும் ஏறுகிறார். கால்நடையாக வந்தவரும் ஏறுகிறார். மேலே போனால் காவிரியும் ஸ்ரீரங்கமும் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

கடலும் அப்படித்தான். சூட்டின் பால்கனியிலிருந்து பார்த்தாலும், எல்லோரும் உலாவும் மேல் தளத்தில் நின்று பார்த்தாலும், சூரியன் ஒரே சமயத்தில்தான் உதிக்கிறது. அந்தக் காட்சிக்குப் பில் கிடையாது!