குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தோமா?



சில வாரங்களுக்கு முன் மஃரிபுத் தொழுகை முடிந்து நாம் எழுந்தபோது, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். கைப்பேசியை நம் முன் நீட்டி, "ஹஜ்ரத், இந்தப் பங்கு ஹலாலா?" என்று கேட்டார். "இந்த நிறுவனம் என்ன தொழில் செய்கிறது தம்பி?" என்று நாம் கேட்டோம். அவர் சற்றுத் தயங்கி, "அது தெரியவில்லை ஹஜ்ரத். ஒரு டெலிகிராம் குழுவில் சொன்னார்கள். இந்த மாதத்திற்குள் ஏறிவிடுமாம்" என்றார். அதில் அவர் போட்டிருந்த அறுபதாயிரம் ரூபாய், தங்கையின் நிக்காஹ்வுக்கென்று வீட்டில் சேர்த்து வைத்த பணம்.

அவர் கேட்டது நல்ல கேள்விதான். ஹராமுக்கு அஞ்சும் உள்ளத்திலிருந்து வந்த கேள்வி. ஆயினும் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த நிறுவனம் என்ன செய்கிறது, எவ்வழியில் சம்பாதிக்கிறது, அந்தச் சம்பாத்தியம் உண்மையானதா என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாதவரை இரண்டாவது கேள்விக்கு எந்த ஆலிமாலும் விடை சொல்ல இயலாது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்திருந்த குவியலுக்குள் அண்ணலார் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இதில் விற்பவருக்குள்ள பாடத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். அண்ணலார் குவியலைப் பார்த்ததோடு நில்லாமல் உள்ளே கைவிட்டுச் சோதித்தார்களே, அதில் வாங்குபவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைப் பேச மறந்துவிட்டோம்.

பங்கு என்பது கூட்டு வணிகம்

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குபவர் அந்த நிறுவனத்தின் உடைமையில் ஒரு சிறு துண்டுக்கு உரியவராகிறார். இலாபத்திலும் நஷ்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. இதை ஃபிக்ஹு நூல்கள் கூறும் கூட்டு வணிகத்தின் வழியில் வைத்தே இக்கால உலமாக்கள் ஆராய்கின்றனர். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை நபியவர்களிடம் ஒப்படைத்துச் சிரியாவுக்கு அனுப்பியபோது, தம் பணியாளர் மைஸராவையும் உடன் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து கண்டதைக் கண்டபடி எடுத்துரைத்தார். முதல் போடுபவர் வணிகம் எப்படி நடந்தது என்று அறிந்துகொள்வது அவநம்பிக்கை அன்று, அது முறை.

இன்று மைஸராவின் இடத்தில் இருப்பது காலாண்டு நிதி அறிக்கை. பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் தன் வரவு செலவையும் இலாபத்தையும் வெளியிட வேண்டும். ஆண்டு முடிவுக்கு 60 நாட்கள் அவகாசம். இது செபியின் விதி. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சொத்துகள், கடன்கள் ஆகியவற்றின் பட்டியலும் பணப்புழக்க அறிக்கையும் சேர்ந்து வரும். தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் எவரும் கட்டணமின்றி இவற்றைப் பார்க்கலாம். ஆனால் பங்கின் விலையை ஒரு நாளில் பத்து முறை பார்க்கும் நம் பிள்ளைகள், இந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறைகூடத் திறப்பதில்லை.

விலை மட்டும் ஏறி வருவாய் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு நம் ஊரின் வரலாறே சான்று. ஒரு காலத்தில் இந்த ஊர் ஒரு பங்கு நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. 1664இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சுவா மார்த்தேன் 1674இல் இங்கே நிலைகொண்டார். 1719இல் ஜான் லா என்பவர் அந்தக் கம்பெனியைத் தம் கம்பெனியோடு இணைத்தார். அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையில் அளவற்ற செல்வம் கிடைக்கும் என்ற பேச்சு பாரிசில் பரவியது. 500 லீவ்ர் மதிப்புள்ள பங்கு ஏறத்தாழ 10,000 லீவ்ர் வரை உயர்ந்தது. அந்த விலைக்கு ஈடான வருவாய் கம்பெனியிடம் இல்லை. 1720இல் விலை சரிந்து எண்ணற்ற குடும்பங்கள் முதலை இழந்தன. அந்த ஜான் லாவின் உடன்பிறந்தாரின் மகனே பிற்காலத்தில் புதுச்சேரியின் ஆளுநரானார். நம் லாசுப்பேட்டையின் பெயரில் அந்தக் குடும்பப் பெயர் இன்றும் ஒலிக்கிறது.

அறிக்கையில் எதைப் பார்ப்பது?

கணக்குப் பட்டம் பெறாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய சில வரிகள் இருக்கின்றன. 'செயல்பாடுகளிலிருந்து வருவாய்' என்பது நிறுவனம் தன் தொழிலால் ஈட்டியது. அதன் கீழே 'பிற வருமானம்' என்று ஒரு வரி வரும். வங்கி வைப்புகளின் வட்டி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 'நிதிச் செலவு' என்பதில் நிறுவனம் தன் கடன்களுக்குக் கொடுக்கும் வட்டி தெரியும். இறுதியில் நிகர இலாபம். இலாபம் நாற்பது விழுக்காடு உயர்ந்தது என்று செய்தி வந்தால், அது சரக்கு விற்றதால் உயர்ந்ததா, நிலத்தை விற்றதால் உயர்ந்ததா என்று பாருங்கள். நிலத்தை மறுமுறை விற்க முடியாது. தொழிலிலிருந்து வந்த பணத்தைப் பணப்புழக்க அறிக்கையில் பாருங்கள். ஆண்டுதோறும் இலாபம் காட்டியும் கைக்குப் பணம் வராத நிறுவனத்தில் ஈரம் எங்கோ இருக்கிறது.

இதே வரிகள்தாம் ஹலால், ஹராம் என்பதையும் நமக்குக் காட்டித் தருகின்றன. வட்டி வங்கி, மது, சூதாட்டம் போன்றவற்றைத் தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் பங்கு கூடாது என்பதில் ஐயமில்லை. தொழில் ஹலாலாக இருந்து, இடையில் வட்டி கலந்த நிறுவனங்களைப் பற்றியே கருத்து வேறுபாடு. 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, அத்தகைய பங்குகளும் அடிப்படையில் கூடாதவை என்றே தீர்மானித்தது. பஹ்ரைனில் இயங்கும் ஆயோஃபி அமைப்பு தன் 21ஆம் ஷரீஅத் நெறியில் நிபந்தனைகளோடு இடமளித்தது. வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வட்டி வைப்புகளும் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஹராமான வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பேணுதலை நாடுவோர் முதல் கருத்தைப் பற்றிக்கொள்ளட்டும். இரண்டாவது கருத்தைப் பின்பற்றுவோர் அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனத்தின் மொத்த வருமானம் 100 கோடி. அதில் வட்டி 2 கோடி. அதற்கு ஒரு கோடிப் பங்குகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பங்குக்கு இரண்டு ரூபாய் வட்டி கலந்திருக்கிறது. நூறு பங்கு வைத்திருப்பவர் 200 ரூபாயை, ஸதகாவின் நன்மையை எதிர்பாராமல், தம் பொருளைத் தூய்மைப்படுத்தும் நிய்யத்தோடு ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கணக்கை அறிக்கையைத் திறக்காமல் போட முடியுமா? 'ஹலால் பங்கு' என்று எவரோ அனுப்பிய பட்டியல் இந்த 200 ரூபாயை நமக்குச் சொல்லித் தராது. அந்தப் பட்டியலும் நிலையானதன்று. இந்தக் காலாண்டில் கடன் குறைவாக உள்ள நிறுவனம் அடுத்த ஆண்டு பெருங்கடன் வாங்கக்கூடும்.

பெயரை நம்பிய கதை

'ஹலால்' என்னும் சொல்லை மட்டும் நம்பியதால் நம் சமுதாயம் கொடுத்த விலை சிறிதன்று. பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனம், வட்டியில்லாத ஹலால் முதலீடு என்று சொல்லி மாதந்தோறும் இலாபம் என்ற பெயரில் பணம் கொடுத்து வந்தது. பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் அதில் பணம் போட்டன. வீட்டை விற்றவர்களும் உண்டு, நகையை விற்றவர்களும் உண்டு. 2019 ஜூன் மாதம் அதன் தலைவர் வெளிநாடு சென்றுவிட்டார். புகார் கொடுக்க மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். மறுமாதம் அவர் தில்லி திரும்பியபோது கைது செய்யப்பட்டார். வழக்கு பின்னர் சிபிஐ வசம் சென்றது. அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதன்று. காலாண்டுக்கு ஒருமுறை மக்கள் முன் கணக்கை வைக்கும் கடமை அதற்கு இல்லை. குவியலின் மேல் ஹலால் என்ற துணியைப் போர்த்தி வைத்திருந்தார்கள். துணியைத் தூக்கிப் பார்ப்பதே மார்க்கத்தைச் சந்தேகிப்பது போல மக்கள் நினைத்துவிட்டார்கள். மார்க்கம் பேசுவோர் சிலரின் ஆதரவும் அந்த நம்பிக்கைக்குத் துணை நின்றது என்பதை ஆலிம்களாகிய நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கைப் பார்க்காமல் ஒரு தொழிலுக்கு நற்சான்று அளிக்கும் உரிமை நமக்கு இல்லை.

"கணக்கே பொய்யாக இருந்தால் என்ன செய்வது?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று தம் கைப்படவே உண்மையை எழுதினார். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் 649 கோடி என்று காட்டிய செயல்பாட்டு இலாபம் உண்மையில் 61 கோடிதான். கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. முந்தைய நாள் ஏறத்தாழ 179 ரூபாயாக இருந்த பங்கு அன்று மாலை ஏறத்தாழ 40 ரூபாய்க்கு இறங்கியது. தணிக்கை செய்யப்பட்ட அறிக்கையைப் படித்தவர்களும் அன்று இழந்தார்கள், இதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். கையில் இருப்பதாகச் சொன்ன பணத்தைக் கொண்டு, தலைவரின் குடும்பத்தாரின் இரு நிறுவனங்களை வாங்க சத்யம் முடிவெடுத்தது. முதலீட்டாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சில மணி நேரத்தில் அந்த முடிவு கைவிடப்பட்டது. பொய்யை மூடி மறைக்க இருந்த கடைசி வழியும் அதோடு அடைபட்டது. கேள்வி கேட்டவர்களால்தான் அது நடந்தது. ஆகவே அறிக்கையைப் படிப்பது முழுக் காப்பு அன்று. படிக்காமல் இருப்பது அறவே காப்பில்லாத நிலை. எஞ்சிய ஆபத்துக்கு வழி, எல்லாத் தானியத்தையும் ஒரே குதிரில் கொட்டாதிருப்பதும், இழந்தால் குடும்பம் நிலைகுலையும் பணத்தைச் சந்தைக்கே கொண்டுபோகாதிருப்பதும்தான்.

இது வணிகமே அன்று

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க இயலாது. நம் இளைஞர்கள் பலர் 'எஃப் அண்ட் ஓ' என்ற பெயரில் செய்வது பங்கு வாங்குவதன்று. விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது. 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தனர் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். மேலே சொன்ன ஜித்தா தீர்மானமே 'ஆப்ஷன்' ஒப்பந்தங்களைக் கூடாதென்று அறிவித்திருக்கிறது. தன்னிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, கையில் பங்கே இல்லாமல் காலையில் விற்று மாலையில் வாங்குவதை எப்படி வணிகம் என்று அழைப்பது? இங்கே நிறுவனத்தின் வருவாயைப் பார்ப்பாரும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. அதுவே இது வணிகமன்று என்பதற்குப் போதுமான அடையாளம்.

நாம் பெற்றோரிடம் வேண்டுவது இதுதான். கடனைப் பற்றி எழுதி வைத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். கணக்கு எழுதுவதற்கும் சாட்சி வைப்பதற்கும் அல்லாஹ் அவ்வளவு இடம் அளித்திருக்கிறான். மதரஸாவில் பிள்ளைகளுக்கு அந்த வசனத்தை ஓதக் கற்றுத் தருகிறோம்; வரவு செலவு அறிக்கை ஒன்றைப் படிக்கவும் அவர்களுக்குக் கற்றுத் தருவோம். அது துன்யாவின் கல்வி என்று ஒதுக்கத்தக்கதன்று. படிக்க நேரமோ பயிற்சியோ இல்லாதவர் தனிப் பங்குகளைத் தொட வேண்டாம். தம் கண்முன் நடக்கும் ஹலாலான தொழிலில் முதல் போடட்டும்.

அந்த இளைஞரிடம் நாம் ஹலால் என்றும் சொல்லவில்லை, ஹராம் என்றும் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் கடைசி இரண்டு அறிக்கைகளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னோம். அடுத்த வாரம் வந்தார். இருவரும் பள்ளியின் திண்ணையில் அமர்ந்து வரி வரியாகப் பார்த்தோம். அந்த நிறுவனம் விற்ற சரக்கைவிட அதன் 'பிற வருமானம்' அதிகமாக இருந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்கலாம் ஹஜ்ரத்" என்றார். விற்றுவிட்டு, கைக்கு வந்த ஐம்பத்து மூவாயிரத்தைத் தாயாரிடம் ஒப்படைத்ததாகப் பின்னர் சொன்னார். ஏழாயிரம் ரூபாய் போயிற்று. எஞ்சியதைக் காத்தான் அல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்.

மறுமையில் மனிதனின் பாதங்கள் நகர்வதற்கு முன் அவனுடைய செல்வத்தைப் பற்றி, அதை எவ்வழியில் ஈட்டினான், எதில் செலவிட்டான் என்று கேட்கப்படும் என்பதை நாம் அறிவோம். "குழுவில் சொன்னார்கள்" என்பது அங்கே விடையாகாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும், அதை அறிந்து தேடும் அறிவையும், அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.